புதிதாக லாரி ஓட்ட வரும் தம்பிகளுக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஆண்டுதோறும் புதிய இளைஞர்கள் லாரித் தொழிலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். 20 வயது நிரம்பி, இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு கழிந்து, மருத்துவச் சான்றும் கொடுத்துவிட்டால் கனரக வாகன உரிமத்துக்குத் தகுதி வந்துவிடுகிறது. பயிற்சி மைதானத்தில் ஓட்டிப் பழகியது பெரும்பாலும் வெறும் வண்டியை. முதல் டிரிப்பில் கைக்கு வருவதோ முழு லோடு ஏற்றிய, டாரஸ் எனப்படும் பல அச்சுக் கனரக லாரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. நெடுங்காலம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு, இப்போது புதிய ஓட்டுநர்களுடன் நாள்தோறும் பேசுகிற வேலையில் இருப்பவன் என்ற முறையில், அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சாலையில் உங்களைச் சுற்றி வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூட லாரியின் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்ததில்லை. உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது, பிரேக்கை மிதித்தால் வண்டி எங்கே போய் நிற்கும், திரும்பும்போது பின்சக்கரம் எந்த வழியில் வரும் என்பதெல்லாம் ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய்க்கோ, சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு போகும் பெரியவருக்கோ தெரிய வாய்ப்பில்லை. உங்களுக்கு அது தெரியும். அதனால் விலகிப்போகவும், காத்திருக்கவும், முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கவும் வேண்டிய கடமை முதலில் உங்களுடையதாகிறது. சாலையில் மரியாதை என்று நான் சொல்வது இதைத்தான். “சின்ன வண்டிக்காரன்தானே பார்த்துப் போகவேண்டும்” என்று பேசுகிற ஓட்டுநர்கள் நம் தொழிலில் நிறைய இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரிய பங்கு இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த எண்ணிக்கை தெரிந்த பிறகும் அப்படிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

லாரியின் இடது பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். முன்பெல்லாம் ஒவ்வொரு லாரியிலும் கிளீனர் இருப்பார். இடது பக்கச் சன்னலில் தலையை நீட்டி, கதவைத் தட்டி, “வரலாம், வரலாம், நிறுத்து” என்று குரல் கொடுப்பார். ஓட்டுநரின் இடது கண் அவர்தான். இன்று வாடகை கட்டுப்படியாகாத காரணத்தாலும், அந்த வேலைக்கு ஆள் கிடைக்காத காரணத்தாலும் பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் தனியாகவே போகிறார். கிளீனர் போன பிறகு அவர் செய்த வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இடது பக்கக் கதவை ஒட்டி வரும் பைக்கும், பம்பருக்கு நேர்முன்னே குனிந்து சாலையைக் கடக்கும் குழந்தையும், பின்பாடியை ஒட்டி வரும் காரும் நம் இருக்கையிலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே இடது பக்கத்தில் குவிக்கண்ணாடியும், முன்பம்பரைக் காட்டும் கண்ணாடியும் உடையாமல், ஆடாமல், தூசியில்லாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது வண்டியை எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை. உடைந்த கண்ணாடிக்குப் பதில் மாற்றித் தரும்படி உரிமையாளரிடம் கேட்கத் தயங்காதீர்கள். அது அலங்காரப் பொருள் அன்று.

ஊருக்குள் இடது பக்கம் திரும்பும்போது நீண்ட வண்டியை முதலில் சற்று வலது பக்கம் வாங்கித்தான் திருப்பவேண்டியிருக்கும். அப்படி வாங்கும்போது இடது ஓரத்தில் திடீரென்று இடம் திறக்கிறது. பின்னால் வரும் பைக்காரர், லாரி வலது பக்கம் போகிறது என்று நினைத்து அந்த இடத்துக்குள் நுழைந்துவிடுவார். முன்சக்கரம் அகலமாகச் சுற்றிப் போனாலும் பின்சக்கரங்கள் உள்ளடங்கிய வழியில், சாலையோரத்தை உரசிக்கொண்டு வரும். அவர் சிக்கிக்கொள்வது அங்கேதான். திரும்புவதற்கு வெகு முன்பே இடது இண்டிகேட்டரைப் போட்டு, வேகத்தை நடை அளவுக்குக் குறைத்து, இடது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். சந்தேகமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். பின்னால் நிற்கிற கார்க்காரர் ஹார்ன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது இடைவெளி. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நான்கு வழிச் சாலையில் சரக்கு வாகனத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் அதுதான். மற்றச் சாலைகளிலும் நகராட்சி எல்லைக்குள்ளும் 60. எதிரே ஏதோ நடக்கிறது என்று கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடிக்கு மேல் ஆகும். ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியே போய்ச் சக்கரத்தைப் பிடிக்க இன்னும் சிறிது நேரம் பிடிக்கும். ஆகமொத்தம் வேகம் குறையத் தொடங்குவதற்கு முன்பே 30, 40 மீட்டரை வண்டி விழுங்கிவிடும். அதற்குப் பிறகுதான் லோடின் எடையோடு போராட்டம் தொடங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடமாக இருந்தாலும் லாரிக்காரர் அதைக் காலில் உணர்ந்திருக்க வேண்டும். முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லையோ மரத்தையோ கடந்த பிறகு, நீங்கள் அதே இடத்துக்கு வர மூன்று வினாடியாவது ஆகவேண்டும். மழையிலும் பனியிலும் ஐந்தாறு வினாடி. அந்த இடைவெளியில் கார்கள் புகுந்துகொள்வது உண்மைதான். கார் புகுந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மீண்டும் இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஒரு பயணம் முழுக்க அப்படி விட்டுக்கொடுத்தாலும் சென்று சேரும் நேரத்தில் சில நிமிடங்களுக்கு மேல் வித்தியாசம் வராது.

நம் சாலைகளில் எனக்கு மிகவும் கவலையளிக்கும் பழக்கம் சைகைகளைப் பற்றியது. பின்னால் வருகிறவரை முந்திப் போகச் சொல்வதற்காக வலது இண்டிகேட்டர் போடுகிற லாரிகள் இருக்கின்றன. உண்மையிலேயே வலது பக்கம் திரும்புவதற்காக அதே விளக்கைப் போடுகிற லாரிகளும் இருக்கின்றன. பின்னால் இருப்பவர் இதில் எது என்று எப்படித் தெரிந்துகொள்வார்? முந்தச் சொல்கிறார் என்று நம்பி வலது பக்கம் ஏறியவர்மீது லாரி திரும்பிய விபத்துகள் பல உண்டு. அதனால் புதியவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது: இண்டிகேட்டரைத் திரும்புவதற்கும் தடம் மாறுவதற்கும் மட்டுமே பயன்படுத்துங்கள். மற்றவர் முந்துவதற்கு அனுமதி கொடுக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளவே வேண்டாம். எதிரே சாலை காலியாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லி, அதை நம்பி அவர் வந்து, வளைவிலிருந்து பேருந்து ஒன்று வெளிப்பட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இடது பக்கம் ஒதுங்கி, வேகத்தைச் சற்றுக் குறைத்தால் போதும். போகலாமா என்பதை அவர் தம் கண்ணால் பார்த்து முடிவு செய்துகொள்வார். ஹெட்லைட்டை மின்னவிடுவதும் இப்படித்தான். “நான் வருகிறேன், நீ நில்” என்ற பொருளில் சிலரும், “நீ போ” என்ற பொருளில் சிலரும் மின்னவிடுகிறார்கள். குறுகிய பாலத்தில் இந்தக் குழப்பம் உயிரை எடுத்துவிடும். எதிரே இருப்பவர் நிற்கிறாரா என்று பார்த்த பிறகே பாலத்தில் ஏறுங்கள்.

நான்கு வழிச் சாலையில் லாரிக்கு உரிய இடம் இடது தடம். இடது ஓரத்தில் பைக்குகளும் ஆட்டோக்களும் நிறுத்திய வண்டிகளும் இருப்பதால் வலது தடத்திலேயே போவது வசதி என்று பலர் பழகிவிட்டார்கள். அதன் விளைவாகக் கார்கள் இடது பக்கமாக முந்துகின்றன. அந்தப் பக்கத்தில்தான் நம் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். இன்னொரு லாரியை முந்துவதானாலும் கணக்குப் போட்டு முந்துங்கள். முன்னால் போகும் லாரியைவிட உங்கள் வேகம் மணிக்கு 5 கி.மீ. மட்டும் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வண்டிகளின் நீளத்தையும், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் ஏறத்தாழ 70 மீட்டர் வருகிறது. அதைக் கடக்க 50 வினாடி ஆகும். 60 கி.மீ. வேகத்தில் அந்த நேரத்துக்குள் இரண்டு லாரிகளும் சாலையை அடைத்துக்கொண்டு 800 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். ஆம்புலன்ஸ் ஒன்று அந்த நேரத்தில் பின்னால் வந்து நின்றால்? அதற்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே படுத்திருப்பவரை நினைத்தால் போதும். உங்களை இன்னொரு லாரி முந்தும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்து, அவரைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு போகவிடுங்கள். அவர் முந்தும் நேரம் பார்த்து வேகம் கூட்டுவது வீரம் இல்லை.

இரவில் எதிரே வண்டி வரும்போது ஹெட்லைட் ஒளியைத் தாழ்த்தும், அதாவது டிம் அடிக்கும் பழக்கம் குறைந்துகொண்டே வருகிறது. எதிரே வருகிறவர் டிம் செய்யாவிட்டால் நாமும் செய்யத் தேவையில்லை என்ற பிடிவாதத்தால், இரண்டு ஓட்டுநர்களும் சில வினாடிகள் கண் தெரியாமல் ஓட்டுகிறார்கள். அந்த இருட்டில் நடுவே சைக்கிளில் போகிறவரை இருவருமே பார்ப்பதில்லை. அவர் டிம் செய்யாவிட்டாலும் நீங்கள் செய்யுங்கள்; பார்வையைச் சாலையின் இடது ஓரக் கோட்டுக்குத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்துக் கடந்துபோங்கள். முன்னால் போகும் காருக்குப் பின்னே நெருங்கும்போதும் டிம்மில்தான் இருக்கவேண்டும், ஏனெனில் லாரியின் விளக்கு உயரத்துக்கு அதன் ஒளி காரின் கண்ணாடி வழியே ஓட்டுகிறவரின் கண்ணில் நேராக விழும். ஹார்னைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பல குரலில் அலறும் ஏர் ஹார்ன் சட்டப்படி கூடாது. பைக்குக்குப் பக்கத்தில் வந்து அதை அடித்தால், திடுக்கிட்ட கை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்லமுடியாது.

ஊரும் பருவமும் அறிந்து ஓட்டவேண்டும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் போகும் சாலைகளிலெல்லாம் பக்தர்கள் இரவு முழுக்க நடக்கிறார்கள். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கமும், கொங்கு நாட்டிலிருந்து வரும் வழிகளிலும் குடும்பம் குடும்பமாகக் காவடியோடு போகிறவர்களைப் பார்க்கலாம். பல மைல் நடந்து களைத்த கால்கள் நேர்க்கோட்டில் நடப்பதில்லை. பேச்சுச் சுவாரசியத்தில் இரண்டு மூன்று பேர் தார்ச்சாலைமேலே ஏறிவிடுவார்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கும் இது பொருந்தும். அறுவடைக் காலத்தில் டெல்டா மாவட்டச் சாலைகளில் பாதித் தடத்தில் நெல் காயும். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் பின்விளக்கே இல்லாமல் முன்னால் போய்க்கொண்டிருக்கும். நாகர்கோவில் சாலையில் ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை இறக்கை ஏற்றிய நீண்ட டிரெய்லர் திரும்புவதற்காகச் சாலையையே நிறுத்திவைப்பார்கள். இந்த இடங்களில் கோபப்பட்டுப் பயனில்லை. எந்த மாதத்தில் எந்தச் சாலையில் என்ன இருக்கும் என்று மூத்த ஓட்டுநர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்றபடி நேரத்தை ஒதுக்கிக்கொண்டு புறப்படுங்கள்.

மலை இறக்கத்தைப் பற்றி விரிவாக எழுதவேண்டும். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு வரும் வழியில், தேசிய நெடுஞ்சாலை 44-இல் உள்ள தொப்பூர் கணவாயைத் தெரியாத லாரிக்காரர் இல்லை. வடக்கிலிருந்து சேலம், கோவை, கேரளா போகும் சரக்கில் பெரும்பகுதி அந்த இறக்கத்தில்தான் இறங்குகிறது. இரட்டைப் பாலம் பகுதியில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பரில், சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, நெரிசலில் நின்றுகொண்டிருந்த வண்டிகள்மேல் வரிசையாக மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். முன்னே நின்றவர்கள் செய்த தவறு ஒன்றுமே இல்லை.

இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது நியூட்ரல். டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையில் இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியை உருட்டிவிடுகிறார்கள். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிப்போகும். ஏர் கம்ப்ரஸர் ஓடாததால் டேங்கில் உள்ள காற்று ஒவ்வொரு மிதிக்கும் குறைந்துகொண்டே வரும். எஞ்சின் ஓடினாலும் நியூட்ரலில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும்தான். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரிகிறது, லைனிங்கின் பிடிப்பு குறைகிறது, மணம் வருகிறது, அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி கேட்பதில்லை. மிச்சமாகும் என்று சொல்லப்படும் டீசலும் இன்றைய வண்டிகளில் மிச்சமாவதில்லை: கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குள் டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில் ஐடிலிங் ஓட டீசல் செலவாகும். எனவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அந்த மேட்டை லோடோடு ஏறுவதானால் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரைப் போட்டு, எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டுக்கொண்டு இறங்குங்கள். கால் பிரேக்கை வேண்டியபோது மட்டும் அழுத்தமாக மிதித்து, பிறகு காலை எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்காதீர்கள். காற்றழுத்த முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். எச்சரிக்கை ஒலி கேட்டால், பாதுகாப்பாக ஒதுங்க முடிகிற முதல் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

திம்பம் போன்ற மலைப்பாதைகளில் நெறி வேறு. சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு போகும் அந்தப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு நீண்ட லாரி திரும்புவதற்கு வளைவு முழுவதும் தேவைப்படும். மேலே ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது சாலை விதி. லோடோடு ஏறுகிறவர் நடுவில் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்புவது கடினம், பின்னால் உருளவும் கூடும். கீழே இறங்குகிறவர் வளைவுக்கு முன்பே, இடம் இருக்கும் இடத்தில் ஒதுங்கி நின்றால், பத்துப் பதினைந்து வண்டிகள் அணிவகுத்து மாட்டிக்கொள்வது தவிர்க்கப்படும். புலிகள் காப்பகத்தின் வழியே போகும் சாலை என்பதால் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. முதுமலைக்கு அப்பால் பந்திப்பூர் வழியிலும் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்து இல்லை. சோதனைச் சாவடியில் கெஞ்சி உள்ளே நுழையப் பார்க்காதீர்கள். யானைக்கு ஒதுங்க அந்தக் காடு தவிர வேறு இடம் இல்லை.

தூக்கம். 2020 பிப்ரவரி 20 அதிகாலையில், அவிநாசி அருகே டைல்ஸ் ஏற்றி வந்த கண்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டி எதிரே வந்த கேரள அரசுப் பேருந்தில் மோதியதில் 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நான்கு வினாடி கண் மூடினால் வண்டி 65 மீட்டருக்கு மேல் ஓட்டுநர் இல்லாமலேயே ஓடுகிறது. கண் மூடியது அவருக்கே தெரியாது. அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையிலும், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் உடம்பு தூக்கத்துக்கு இழுப்பது இயற்கை; தேநீரும் வெற்றிலையும் பாட்டும் அதைக் கொஞ்ச நேரம் தள்ளிவைக்குமே தவிர, தீர்க்காது. கொட்டாவி தொடர்ந்து வருவது, கடைசியாகக் கடந்த ஊரின் பெயர் நினைவுக்கு வராதது, வண்டி தானாகக் கோட்டைத் தொடுவது ஆகியவை தெரிந்தவுடன் அடுத்த லாரி நிறுத்துமிடத்திலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்தி அரை மணி நேரமாவது தூங்குங்கள்.

இதில் ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி நேரமாவது ஓய்வு என்று, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை அது சொல்லிவந்தது. நடைமுறையில் டிரிப் கணக்கில் படி கொடுக்கப்படும்போது, தூங்கும் நேரம் ஓட்டுநரின் வருமானத்திலிருந்து கழிகிறது. லோடு ஏற்றும் இடத்தில் ஒரு பகல் முழுக்கக் காக்கவைத்துவிட்டு, “காலைக்குள் சேர்த்துவிடு” என்று போனில் அவசரப்படுத்தும் வழக்கத்தை உரிமையாளர்களும் சரக்கு அனுப்புபவர்களும் கைவிட்டே ஆகவேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று வந்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டோடு உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். தம்பி, தூக்கம் வருகிறது என்று உரிமையாளரிடம் போனில் சொல்ல வெட்கப்படாதீர்கள். அதைக் கேட்டுக் கோபப்படுகிறவரிடம் நெடுநாள் வேலை செய்யவும் வேண்டாம்.

நிறுத்தும் இடத்திலும் உயிர்கள் போகின்றன. ஓட்டலுக்கு எதிரே, சாலையோர வெள்ளைக் கோட்டைத் தொட்டபடி, பின்விளக்குகளை அணைத்துவிட்டு நிறுத்திய லாரியின் பின்னால் இருட்டில் பைக்கோ காரோ மோதுவது நம் நெடுஞ்சாலைகளில் வாராவாரம் வரும் செய்தி. சாப்பிடவோ தூங்கவோ சாலையை விட்டு முழுவதும் இறங்கக்கூடிய இடத்தில்தான் நிறுத்தவேண்டும். பஞ்சரோ பிரேக்டவுனோ ஆகி வேறு வழியில்லாமல் நிற்கவேண்டி வந்தால், நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, ஒளிரும் முக்கோணத்தை 50 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் பின்னால் வையுங்கள்; வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்பே தெரியும்படி வையுங்கள். மரக்கிளையை ஒடித்துப் போடுவதும், கற்களை வரிசையாக வைப்பதும் நம் வழக்கம். வேலை முடிந்ததும் டயரைப் பூட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிடுகிறார்கள். கற்கள் அங்கேயே கிடக்கின்றன. அடுத்து அந்த வழியே பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுகிறார். தலையளவு கல் இருட்டில் ஹெட்லைட் வெளிச்சத்துக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியும். கல் வைத்தவரே அதை எடுத்து ஓரத்துக்கு அப்பால் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பிரிய வேண்டிய சாலையைத் தவறவிட்டு நெடுஞ்சாலையில் ரிவர்ஸ் எடுப்பதும், எதிர்ப்பக்கத் தாபாவுக்காகத் தவறான திசையில் ஓட்டுவதும் எந்த நிலையிலும் கூடாது.

வண்டியை எடுப்பதற்கு முன் ஒருமுறை சுற்றி வாருங்கள். டயர்களைக் கம்பியால் தட்டினால் காற்றிறங்கியது ஒலியிலேயே தெரிந்துவிடும். இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே சிக்கிய கல் வேகத்தில் பறந்து பின்னால் வருகிறவரின் கண்ணாடியைத் தாக்கும், அதை எடுத்துவிடுங்கள். ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டையைத் துணியால் துடைத்தால் அது செய்யும் வேலை உடனே தெரியும். ஜல்லி, மணல் ஏற்றும் டிப்பருக்குத் தார்ப்பாய் போடாமல் கிளம்பாதீர்கள். ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்பது உரிமையாளரின் கணக்கு. பிரேக் பிடிக்காமல் போவது உங்கள் கணக்கு. டேங்கர் ஓட்டுகிறவர்களுக்கு மேலும் ஒன்று: உள்ளே அலைபாயும் திரவம் வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும். 2025 ஜனவரி 3 அன்று அதிகாலையில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்தபோது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடவேண்டியதாயிற்று. மேம்பாலத்து வளைவிலும் ரவுண்டானாவிலும் அறிவிப்புப் பலகை சொல்லும் வேகத்துக்கும் கீழேயே டேங்கரை ஓட்டுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் விபத்தைப் பார்க்கவோ அதில் சிக்கவோ நேரலாம். அப்போது வண்டியை நிறுத்தி, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் துறைக்குத் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டுநர்மேல் சுமத்தும் கடமை. கூட்டம் அடித்துவிடும் என்ற பயத்தால்தான் பலர் ஓடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து இருந்தால் அங்கிருந்து விலகி, நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள், போகும்போதே 108-ஐ அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். வேறொருவரின் விபத்தில் உதவ நிற்பவரைச் சட்டம் பாதுகாக்கிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு அதற்காகவே வந்தது. தமிழ்நாட்டில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன, ஆகையால் பணம் யார் கட்டுவது என்று யோசித்துத் தாமதிக்க வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் எங்கிருந்தாலும் 1033 எண்ணுக்கு அழைத்தால் ரோந்து வண்டியும் கிரேனும் வரவழைக்கலாம். 108, 112, 1033 ஆகிய மூன்று எண்களையும், உங்கள் வண்டி எண்ணையும், இரத்த வகையையும், வீட்டு எண்ணையும் தெளிவாக எழுதி இடது பக்கக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். உங்களால் பேச முடியாத நிலையில் உதவிக்கு ஏறி வருகிறவர் திறப்பது பெரும்பாலும் அந்தக் கதவைத்தான்.